சிவனொளிபாதமும் சீதாவாக்கைப் பள்ளத்தாக்கும்

இமயத்துத் திருக்கேதாரத்தைத் திருஞானசம்பந்தர் காளத்தியில் நின்றவாறே பாடினார் எனப் பெரியபுராண மரபு கூறும். மலையும் ஆறும் கோயிலும் ஒருங்கே அமைந்த அவ்வடநாட்டுப் பள்ளத்தாக்கு தமிழ் மக்களுட் பெரும்பாலோர்க்கு நெடுங்காலம் செவிவழிச் செல்வமாகவே இருந்து வந்தது. ஈழத்திலோ அத்தகைய நிலமொன்று தோட்டத் தொழிலாளரின் இலயத்து வாயிலிலேயே தொடங்குகின்றது. கேகாலை மாவட்டத்துத் தெரணியகலையே அது. சிவனொளிபாதமலைக் காட்டின் சரிவுகளிற் பிறக்கும் சீதாவாக்கை ஆறு, மாலிபொடையைக் கடந்து இவ்வூர் வழியாக இறங்கிக் களனி கங்கையோடு சேர்கின்றது. ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இப்பள்ளத்தாக்கில் மேலே காடும், இடையே தேயிலையும், கீழே இறப்பருமாக நிலம் படிப்படியாய்த் தாழ்கின்றது. மாலிபொடையிலிருந்து மலையுச்சிக்குச் செல்லும் காட்டுப்பாதை நீண்டது, கடினமானது. அற்றன், இரத்தினபுரி வழிகளைப்போல் அது பெயர் பெறவில்லை.

2243 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியிலுள்ள சுவட்டைப் பௌத்தர் புத்தரின் ஸ்ரீபாதம் என்பர். சைவர் சிவபெருமானின் திருவடி என்பர். இசுலாமியர் ஆதமுடையது என்பர். யாத்திரிகரைப் பேணுதல் பண்டு தொட்டே அரசரின் அறமாகக் கருதப்பட்டது. முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகருக்கு உணவளிப்பதற்கென ஊர்களை மானியமாக வழங்கினான் என்பதை அம்பகமுவைக் கல்வெட்டும் சூளவம்சமும் தெரிவிக்கின்றன. தாழ்ந்த குலத்தோர் எனப்பட்டவர் நின்று வழிபடுவதற்குக் கீழே தனியொரு முற்றம் அமைக்கப்பட்டதையும் அக்கல்வெட்டே கூறுகின்றது. அறத்தோடு அக்காலச் சமூகத்தின் கட்டும் மலையேறிற்று என்பது இதனாற் புலனாகும்.

1344 ஆம் ஆண்டில் இப்னு பதூதா மேற்கொண்ட பயணம் வேறொரு காட்சியைத் தருகின்றது. புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்தி, ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் துணையாக அனுப்பினான். மொறொக்கோவிலிருந்து வந்த முசுலிம் ஒருவர், தமிழ் மன்னனின் உதவியால், சைவ யோகியர் வழிகாட்டச் சிங்கள நாட்டினூடாக ஆதமின் சுவட்டைத் தரிசித்தார். இராசசிங்கனுக்கு ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே சிவயோகியர் அம்மலையை ஆண்டுதோறும் நாடினர் என்பதற்கும் இக்குறிப்புச் சான்றாகும்.

சீதாவாக்கை அரசின் வரலாற்றுக்கு வருவோம். 1521 இல் கோட்டை இராச்சியம் பிரிவுண்டபோது மாயாதுன்னை இவ்வாற்றின் கரையிலே அவிசாவளையருகே தன் தலைநகரை அமைத்தான். அவன் மகன் முதலாம் இராசசிங்கன் (1581–1593) போர்த்துக்கேயரை நடுங்கவைத்த பெருவீரன். எனினும் சூளவம்சம் அவனைக் கொடியவனாகவே தீட்டுகின்றது. தந்தையைக் கொன்ற பாவத்துக்குக் கழுவாய் கேட்டான், பிக்குகள் இல்லையென்றனர், சைவர் உண்டென்றனர், அவன் நீறு பூசினான், மலையின் வருவாயைச் சைவ ஆண்டிகளுக்கு அளித்தான். இதுவே அந்நூல் கூறும் கதை.

இக்கதையை அவ்வாறே ஏற்றல் கூடுமா? அந்நூலின் இப்பகுதி கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்தில், ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, பிக்கு ஒருவரால் எழுதப்பட்டது. 1581 இல் மாயாதுன்னை முதுமையடைந்திருந்தான். படையோ அதற்கு நெடுங்காலம் முன்னரே மகன் கையில் இருந்தது. கொலைக்கான தேவை வலுவாகத் தோன்றவில்லை. அரசன் சைவத்தை ஆதரித்தமை வேறு செய்தி. அதற்கு அவிசாவளையிலே, அரண்மனைக்கு எதிர்க்கரையில், வைரவருக்கென அவன் எடுப்பித்ததாகக் கூறப்படும் பெரெண்டிக் கோயிலின் கருங்கல் அடித்தளம் இன்றும் சாட்சியாக நிற்கின்றது. மேற்கட்டடம் இல்லை, எஞ்சிய கல்லின் வேலைப்பாடோ தென்னாட்டுச் சிற்பியரின் உளியை நினைவூட்டுகின்றது. 1557 இல் கோட்டை மன்னன் தர்மபாலன் கிறித்தவனான சூழலையும் இங்குக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஓர் அரசு போர்த்துக்கேயரின் சமயத்தை நாடியபோது, அதன் பகையரசு தென்னகச் சைவத்தை நாடியது வியப்பன்று.

கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் மலையைச் சைவரிடமிருந்து மீட்டுப் பௌத்த சங்கத்துக்கு அளித்தான். ஆனால் அவனோ மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன். நீறு பூசுகின்றான் என்ற குறை அவன்மீதே இருந்தது. 1760 இல் அவனைக் கொல்லச் சதியும் நடந்தது. தன் பௌத்தப் பற்றை ஐயுறுவோர் நடுவே ஆட்சி செய்த ஒருவனுக்கு இம்மீட்பு பக்தியாக மட்டும் இருந்திருக்குமா? நீறு பூசிய பழைய மன்னனைக் கொடியவனாக்கும் கதை அவனவையில் ஏன் இனித்தது என்பதும் இதனால் ஓரளவு விளங்கும்.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டி, மலை தொன்றுதொட்டுத் தமக்கே உரியதென வாதிடும் சைவ எழுத்தாளரும் உளர். அவர்கள் ஒன்றை மறந்து விடுகின்றனர். தெரணியகலைத் தோட்டங்களில் வாழும் தமிழர் இராசசிங்கனின் ஆண்டிகளுடைய வழித்தோன்றல்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட உழைப்பாளரின் மக்கள் அவர்கள். மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தனர். மார்கழியில் பருவம் தொடங்கியதும் மலையேறினர். அரச மானியம் எதுவும் அவர்களுக்கு வழிச்சோறு அளிக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களது குடியுரிமையைப் பறித்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயலால் பல குடும்பங்கள் வன்னிக்கு ஓடின. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை அளித்தது.

1817 இல் இரத்தினபுரி வழியாக ஏறிய யோன் டேவி தம் பயணத்தை நூலாக்கினார். 1870 இல் ஸ்கீன் மலையைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். மாலிபொடை வழியிற் சென்ற தொழிலாளர் பாதையிலே எங்கு தங்கினர், எவ்வூர்ச் சிங்களவர் அவர்களுக்கு நீர் கொடுத்தனர், உச்சியில் எந்தப் பாட்டைப் பாடினர் என்பன முதியோர் நாவிலேதான் உள்ளன. அம்முதியோருட் பலர் 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கடல் கடந்தவர்கள். தெரணியகலையின் யாத்திரை வரலாற்றை எழுத விரும்பும் மாணவர் நீலகிரிக்கும் சென்று அவர்களைக் கேட்டாக வேண்டும்.