உயரப் பணிமேடை ஊர்திகள்: ஸ்டியரிங்கும் சக்கர அமைவும்

உயரத்தில் வேலை செய்யும் ஆளையும் அவருடைய கருவிகளையும் தூக்கி நிறுத்தி, தேவைப்பட்டால் தூக்கிய நிலையிலேயே இடம்மாறவும் கூடிய வண்டிகள் உயரப் பணிமேடை ஊர்திகள். குறுக்குச் சட்டங்கள் விரிந்து மேடையை நேராக உயர்த்துவது சிசர் லிஃப்ட். நீண்ட கையின் நுனியில் கூடை இருப்பது பூம் லிஃப்ட். தெருவிளக்கைப் பழுதுபார்க்க லாரியின் முதுகில் வரும் ஸ்கை லிஃப்ட் இந்தக் குடும்பத்தின் மூத்த கிளை. இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை மீட்டர் எட்டும், எத்தனை கிலோ தாங்கும் என்று அண்ணாந்து பார்த்தே பேசுகிறார்கள். வடிவமைப்பவர்களை அதிகம் படுத்துவது கீழே, சக்கரத்தருகே இருக்கும் கணக்கு.

காருக்குச் சக்கரம் ஓடுவதற்கு மட்டும். இந்த வண்டிக்கு ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோக வேண்டுமென்றால் அகலம் குறைவாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பொதுவான வரம்பு 2.55 மீட்டர். ஐம்பது மீட்டர் உயரத்தில் ஆளை வைத்துக்கொண்டு சாயாமல் நிற்கவோ கால் அகல ஊன்ற வேண்டும். இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டது ஸ்டியரிங். அதன் வரலாற்றில் பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சமாளிக்கப் பிறந்தவையே.

கதை குதிரை வண்டிக் காலத்தில் தொடங்குகிறது. பழைய நாற்சக்கர வண்டிகளில் முன் அச்சு முழுதும் நடுவிலிருக்கும் ஒரே முளையைச் சுற்றித் திரும்பும். செய்வதற்கு எளிது, ஆனால் ஆபத்தானது. அச்சு திரும்பத் திரும்ப ஒரு பக்க முன்சக்கரம் வண்டிக்கு அடியில் பின்வாங்கிப் போகும். அந்த மூலையில் தாங்கலே இல்லாமல் ஆகும். வேகமாக வளைத்தால் குடைசாய வேண்டியதுதான். மியூனிக் நகர வண்டித் தச்சர் கெயார்க் லாங்கென்ஸ்பெர்கர் 1816 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார். அச்சை அசைக்காமல் விட்டு, அதன் இரு முனைகளிலும் தனித்தனி முளை வைத்து, சக்கரங்களை மட்டும் திருப்பினார். லண்டனில் 1818இல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மான். அவர் பேர்போன ஓவிய அச்சுப் பதிப்பாளர். இந்த விஷயத்தில் கண்டுபிடித்தவருக்கு முகவர், அவ்வளவுதான். இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் ‘ஆக்கர்மான் ஸ்டியரிங்’ என்றுதான் படிக்கிறார்கள். தச்சர் பெயர் அடிக்குறிப்பில் கிடக்கிறது. அந்தக் காப்புரிமைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சார்லஸ் டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வினும் இதே யோசனையை எட்டியிருந்தார்.

வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகின்றன. எனவே உள்சக்கரம் கூடுதலாகத் திரும்பியாக வேண்டும். இல்லையென்றால் ஏதாவதொரு டயர் உருளாமல் தேய்ந்தபடி இழுபடும். நான்கு சக்கரங்களின் அச்சுக் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்தித்தால் தேய்மானம் இல்லை. பிரான்சில் ஷார்ல் ழாந்தோ 1878இல் இதை வரைபடக் கணக்காக்கினார்: நேராகப் போகும்போது முன் முளைகளோடு சேர்ந்து திரும்பும் கைகளைக் கோடாக நீட்டிப் பார்த்தால் அவை பின் அச்சின் நடுவை நோக்க வேண்டும். இரு கைகளையும் டை ராடு என்ற குறுக்குக் கம்பியால் கோத்துவிட்டால் போதும், திருத்தம் ஏறக்குறையத் தானாக நடக்கும். மோட்டார் வண்டிகள் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டன.

உயரப் பணிமேடைகளின் முதல் தலைமுறைக்கு ஸ்டியரிங் பற்றிக் கவலையே இல்லை. கலிபோர்னியாவில் ஏணியில் ஏறிச் செர்ரி பறித்துச் சலித்த ஜே ஐட்டெல் 1940களில் கூடை வைத்த கை ஒன்றை உருவாக்கினார். 1953இல் டெல்ஸ்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கனடாவின் ஒகனாகன் பள்ளத்தாக்குப் பழத்தோட்டங்களில் தோர்ன்டன்-டிரம்ப் என்பவர் செய்த ‘ஜிராஃப்’ இயந்திரமும் அதே காலத்தது. முதலில் செய்தவர் யார் என்று இரு நாட்டுக்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். மின்கம்பிக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் போன வண்டிகள் பெரும்பாலும் லாரிமேல் பூட்டியவை. ஓட்டுவது கீழே கேபினில். வந்து நின்றதும் பக்கக் கால்களை ஊன்றிவிட்டால் சக்கரத்துக்கு வேலை முடிந்தது. கூடையிலிருப்பவர் பத்தடி நகர வேண்டுமானால் கீழே இறங்கி, கால்களை மடக்கி, வண்டியை நகர்த்தி, மீண்டும் ஊன்றி, மீண்டும் ஏற வேண்டும்.

இந்தச் சள்ளையை ஒழித்ததுதான் திருப்பம். பென்சில்வேனியாவில் கிரேன் தொழிலில் பேரெடுத்த ஜான் எல். குரோவ் 1967இல் அத்தொழிலை விட்டு விலகி மனைவியோடு ஊர் சுற்றப் போனார். வழியில் ஹூவர் அணையில் சாரத்தில் வேலை செய்த இருவர் மின்சாரம் தாக்கி இறந்ததைக் கேள்விப்பட்டார் என்பது அவர் நிறுவனம் சொல்லும் வரலாறு. 1969இல் மெக்கானல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஒரு சிறிய பட்டறையை வாங்கினார். 1970இல் அவருடைய ஜேஎல்ஜி நிறுவனத்தின் முதல் பணிமேடை விற்பனையானது. கூடையிலிருந்தபடியே கையையும் இயக்கலாம், வண்டியையும் ஓட்டலாம். ஓட்டுநர் இருக்கை மேலே போய்விட்டது.

மேலே போனதும் ஸ்டியரிங்கின் குணமே மாறியது. அந்த உயரத்துக்கு ஸ்டியரிங் தண்டு கொண்டுபோக முடியாது. கட்டளை கம்பி வழியாக வால்வுக்குப் போகிறது. வால்வு எண்ணெயைத் திறந்துவிடுகிறது. ஹைட்ராலிக் சிலிண்டர் டை ராடைத் தள்ளுகிறது. பல வண்டிகளில் ஓட்டுபவர் கையில் இருப்பது ஜாய்ஸ்டிக்கின் உச்சியில் கட்டைவிரலுக்கு அடங்கும் ஒரு சிறு சுவிட்ச்தான். இடப்பக்கம் அமுக்கினால் சக்கரம் இடப்பக்கம் போகும். விரலை எடுத்தால் எந்தக் கோணத்தில் இருந்ததோ அங்கேயே நிற்கும். கார் போல நேர்கோட்டுக்குத் தானாகத் திரும்பி வராது. மறுபக்கம் அமுக்கித்தான் நேராக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் எட்டிக் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சிக்கல் இதைவிட மோசம். பூம் லிஃப்டின் மேல்பகுதி அடிச்சட்டத்தின்மேல் சுற்றக் கூடியது. கூடையை அரைவட்டம் சுற்றி வண்டியின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால், ஜாய்ஸ்டிக்கில் ‘முன்னே’ என்பது ஓட்டுபவருக்குப் பின்னே. இடம் என்பது வலம். சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவில் ஆள் நசுங்கும் விபத்துக்கு இந்தக் குழப்பம் ஒன்றே போதும். தீர்வு எளிமையானது, புத்திசாலித்தனமானதும்கூட: அம்புக்குறிகள். ஜீனி என்ற நிறுவனத்தின் வண்டிகளில் அடிச்சட்டத்தில் நீலமும் மஞ்சளுமாக அம்புகள் ஒட்டியிருக்கும், அதே நிற அம்புகள் கூடையின் பலகையிலும் இருக்கும். ஜேஎல்ஜி வண்டிகளில் கறுப்பும் வெள்ளையும். நிறத்தோடு நிறம் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியைத் தள்ள வேண்டும். பின்னாளில் இதற்குக் காவலாக ஒரு பூட்டும் வந்தது. கை பின்சக்கரத்தைத் தாண்டிச் சுழன்றதும் பலகையில் விளக்கு எரியும். திசையைப் பார்த்துவிட்டேன் என்று தனியாக ஒரு சுவிட்சைத் தொடும்வரை வண்டி நகராது.

சிசர் லிஃப்டின் பாதை வேறு. அது பெரும்பாலும் கட்டடத்துக்குள் வேலை செய்வது. கதவு வழியாக நுழைய வேண்டும், அலமாரி வரிசைகளுக்கு நடுவில் திரும்ப வேண்டும். கிடங்குகளில் பரவலாகக் காணப்படும் 19 அடி வகை மேடையை 5.79 மீட்டர் உயர்த்துகிறது. அகலமோ 76 செ.மீ. இவ்வகை பலவற்றில் முன்சக்கரத்தைக் கிட்டத்தட்டக் குறுக்காகவே திருப்பிவிடலாம். உள்பக்க முன்சக்கரம் 90 பாகை திரும்பினால் சுழல்மையம் உள்பக்கப் பின்சக்கரத்தின் மேலேயே விழும். அந்தச் சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, வண்டி அதைச் சுற்றி வந்துவிடும். விற்பனைத் தாள்களில் ‘உள்திருப்ப ஆரம் பூஜ்யம்’ என்று போடுவது இதைத்தான்.

பெரிய பூம் லிஃப்டுகளுக்கு வந்தால் பழைய தச்சரின் கணக்கு தடுமாறுகிறது. 40 மீட்டரைத் தாண்டும் கைக்கு 2.5 மீட்டர் அகல அடித்தளம் போதாது. ஆகவே வேலையிடத்தில் அச்சு நீளும் வண்டிகள் வந்தன. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயாக அச்சு இருக்கும். ஹைட்ராலிக் சிலிண்டர் அதை வெளியே தள்ளும். நின்றபடியே தள்ளினால் அத்தனை எடையோடு டயர் பக்கவாட்டில் தரையைச் சுரண்டும் என்பதால், மெதுவாக ஓட்டிக்கொண்டே அச்சை நீட்டும் முறை பிறந்தது. உருளும் டயர் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும்.

அச்சு நீண்டதும் டை ராடு என்னவாகும்? முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.6 மீட்டர் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இரு முளைகளுக்கும் இடையே 2.4 மீட்டர் இருக்கையில் உள்சக்கரம் 40 பாகை திரும்பினால் வெளிச்சக்கரம் சுமார் 28.3 பாகை திரும்ப வேண்டும். முளைகளை 3.6 மீட்டருக்கு விலக்கினால் அதே 40 பாகைக்கு வெளிச்சக்கரம் 24.5 பாகைதான் திரும்பலாம். நீளம் மாறாத ஒற்றைக் கம்பியால் இரண்டு கணக்கையும் காப்பாற்ற முடியாது. கம்பியை விட்டுவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிச் சிலிண்டரும் முளையில் கோணம் அளக்கும் சென்சாரும் வைப்பதே வழியாயிற்று. இரும்புக் கம்பி செய்துவந்த வேலை கணினிக்கு மாறியது.

அதனால் கிடைத்த உபரி லாபம் ஸ்டியரிங் முறைகள். முன்சக்கரம் மட்டும் திரும்புவது ஒன்று. முன்னும் பின்னும் எதிரெதிராகத் திரும்பி வளைவைச் சுருக்குவது இன்னொன்று. நான்கும் ஒரே பக்கம் சாய்ந்து வண்டி நண்டு போலக் கோணலாக நகர்வது மூன்றாவது; தொழில்காரர்கள் அதை ‘கிராப்’ என்கிறார்கள். சுவரை ஒட்டி நிற்கும் வண்டியை முன்னும் பின்னுமாகப் பத்து முறை ஓட்டாமல் விலக்குவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

குழாய் அச்சுக்கு அடுத்தது விரியும் கால். அடிச்சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு கால்கள், ஒவ்வொன்றும் ஒரு முளையில் கிடைவாக்கில் சுழலும். மடங்கியிருக்கையில் வண்டி ஒடுக்கம். விரிந்தால் மேலிருந்து பார்க்கப் பெருக்கல் குறி. ஜீனியின் எஸ்எக்ஸ்-180 அடிச்சட்டத்துக்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்தே பெயராக அமைந்தது. அது மேடையை 54.86 மீட்டர் உயர்த்தியது. ஜேஎல்ஜியின் 1850எஸ்ஜே 56 மீட்டரைத் தாண்டியது. இரண்டும் 2010களில் வந்தவை.

கால் விரியும்போது அதன் நுனியிலுள்ள சக்கரம் ஒரு வட்டவில்லில் போகிறது. அப்போது தேயாமல் உருள வேண்டுமானால் அது காலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், செக்கு மாடு உத்தரத்துக்குக் குறுக்கே நிற்பதுபோல. ஆகவே முதலில் சக்கரத்தை அந்தக் கோணத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு காலை விரிக்க வேண்டும். விரித்து முடிந்ததும் சக்கரத்தை வண்டி போகும் திசைக்குத் திருப்ப வேண்டும். நான்கு மூலைகளிலும் இது நடக்க வேண்டும். காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இணைகர அமைப்பில் கம்பி கோத்துச் சக்கரத்தின் திசை மாறாமல் வைத்திருப்பது ஒரு வழி. ஆனால் அப்போது சக்கரம் விரியும் பாதையோடு பொருந்தாது, தரை அரைபடும். காலின் கோணத்தையும் முளையின் கோணத்தையும் தனித்தனியே அளந்து கணினி சக்கரத்தைத் திருப்புவது மற்றொரு வழி. இதில் சென்சார் பொய் சொன்னால் வண்டிக்கே ஆபத்து. அதனால் சென்சார்கள் சொல்வது கணக்கோடு ஒத்துவராவிட்டாலோ, கால் முழுதும் விரிந்தது உறுதியாகாவிட்டாலோ, கணினி கையை உயர விடாது.

பாதுகாப்பு நெறிகளும் இந்த வளர்ச்சியை ஒட்டியே வகைபிரிக்கின்றன. ஐரோப்பாவின் ஈஎன் 280, பன்னாட்டு அளவில் ஐஎஸ்ஓ 16368, அமெரிக்காவில் ஏ92 வரிசை ஆகியவை முக்கியமானவை. மேடையை உயர்த்தியபடி ஓட்டலாமா, ஓட்டலாம் என்றால் எங்கிருந்து ஓட்டுவது என்பதை வைத்து மூன்று வகை. கூடையிலிருந்தே ஓட்டுவது மூன்றாம் வகை. மேலே சொன்ன சிக்கல்கள் பெரும்பாலும் அதற்கே உரியவை.

அண்மையில் சிறிய வண்டிகளில் எண்ணெயே வெளியேறி வருகிறது. ஜேஎல்ஜியின் டாவின்சி சிசர் லிஃப்டில் ஹைட்ராலிக் கிடையாது. தூக்குவது, ஓட்டுவது, திருப்புவது எல்லாமே மின்சாரம். மருத்துவமனைத் தரையிலும் கணினி மையங்களிலும் எண்ணெய்ச் சொட்டை யாரும் விரும்புவதில்லை.

சக்கரத்தை மேலும் கீழும் அமைக்கும் கதை தனியாகவே ஓடுகிறது. கரடுமுரடான தரைக்கான பூம் லிஃப்டுகளில் ஒரு அச்சு ஊசலாடும். நான்கு டயர்களும் தரையைத் தொட்டிருக்க அது உதவும். கை உயர்ந்தாலோ பக்கவாட்டில் சுழன்றாலோ சிலிண்டர்கள் அந்த அச்சைப் பூட்டிவிடும், இல்லையென்றால் ஊசலே கவிழ்ப்பாக முடியும். ஜேஎல்ஜியின் 670எஸ்ஜே இதைத் தலைகீழாக்கியது. அதில் சக்கரங்களின் உயரம் தரைக்கேற்ப மாறி, எந்தப் பக்கமாயினும் 10 பாகை வரையான சரிவில் அடிச்சட்டத்தைத் தானே மட்டமாக வைத்துக்கொள்கிறது. மேடையை உயர்த்தியபடியே அச்சரிவில் ஓட்டவும் முடிகிறது.