'மதராஸ்' ஸ்குவாட்ரன் ஜாக்கெட் விற்பனைக்கு வந்தால் நம்பலாமா? போர்க்கால விமானிகளின் உடையில் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் விமானப்படையின் மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு நம்ம ஊர்ப் பெயர் இருந்தது. 79, 234, 264 என்ற எண்களோடு 'மதராஸ் பிரசிடென்சி' என்றும் சேர்த்தே எழுதினார்கள். இன்று அந்தப் பெயர் தைத்த பழைய ஜாக்கெட் ஒன்று ஆன்லைனில் கண்ணில் பட்டால், உடனே வாங்கிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

மதராஸ் பெயர் எப்படி வந்தது?

பணம்தான் காரணம். ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று பிரிட்டன் அரசு குறியீட்டு விலை வைத்து நன்கொடை திரட்டியது. பெரிய தொகை கொடுத்த பகுதிகளின் பெயர் ஸ்குவாட்ரன்களுக்கே சூட்டப்பட்டது. மைசூர், ஐதராபாத், பம்பாய் பெயர்களும் இப்படி வந்தவைதான். 129-வது 'மைசூர்' ஸ்குவாட்ரனின் சின்னத்தில் மைசூரின் கண்டபேரண்டப் பறவையே இருக்கிறது.

மூன்று மதராஸ் ஸ்குவாட்ரன்களும் 1940-ல் 'பிரிட்டன் போர்' என்ற வான்போரில் பறந்தன. 79-வது ஸ்குவாட்ரன் 1942-ல் இந்தியாவுக்கே வந்து, பர்மா போர்முனையில் ஜப்பானியரை எதிர்த்தது.

எந்த ஜாக்கெட் யாருடையது?

பிரிட்டன் விமானிகளின் அடையாளம் 'இர்வின்' ஜாக்கெட். உள்ளே கம்பளி இருக்கும் தடித்த ஆட்டுத்தோல். பாராசூட்டுக்குப் பெயர்போன லெஸ்லி இர்வினின் நிறுவனத்துடையது. அமெரிக்கர்களுடையது 'ஏ-2'. 1931-ல் ஏற்கப்பட்டது; பெரும்பாலும் குதிரைத்தோல்; இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னல் பட்டை. 1943-ல் புதிய ஆர்டர்கள் நின்றுபோயின.

அமெரிக்கர்கள் தங்கள் ஜாக்கெட்டில் படம் வரைந்தார்கள், பெயர் எழுதினார்கள், சின்னம் தைத்தார்கள். பிரிட்டன் விமானப்படையில் அந்தப் பழக்கம் மிகக் குறைவு. அதனால் இர்வின் ஜாக்கெட்டின் மார்பில் பளிச்சென்று 'மதராஸ் பிரசிடென்சி' இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். பின்னால் யாரோ தைத்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள சின்னம் வேறு: சீனா-பர்மா-இந்தியா போர்முனையின் அமெரிக்கக் கேடயம். கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள், மேலே சீனத்துச் சூரியனும் இந்தியாவைக் குறிக்கும் நட்சத்திரமும். இவற்றில் பலவற்றை இங்குள்ள கைவினைஞர்களே துணியிலும் தோலிலும் செய்து கொடுத்தார்கள். அதனால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. இங்கே சின்ன வேறுபாடு இருப்பதை வைத்து மட்டும் போலி என்று முடிவுகட்ட முடியாது.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஜிப். நைலான் ஜிப் என்றால் அது போருக்குப் பிந்தையது. பழைய ஜாக்கெட்டில் புது ஜிப் மாற்றியிருக்கலாம். அப்படியானால் விலை குறைய வேண்டும். அடுத்து லேபிள். ஏ-2 கழுத்துப் பகுதியில் தயாரிப்பாளர் பெயரும் ஒப்பந்த எண்ணும் இருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். லேபிளையும் இன்று அச்சு அசலாகச் செய்கிறார்கள் என்பதால் அது மட்டும் போதாது. கடைசியாகப் புற ஊதா விளக்கு. அந்த ஒளியில் தையல் நூல் பளீரென்று நீல வெள்ளையாக மின்னினால், அது பெரும்பாலும் போருக்குப் பிந்தைய நூல்.

பெயரை வைத்து ஆளைத் தேட முடியுமா?

முடியும். பிரிட்டன் ஸ்குவாட்ரன்களின் அன்றாடப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. எந்தத் தேதியில் எந்த விமானத்தில் யார் பறந்தார் என்பது வரை அதில் கிடைக்கும். அமெரிக்கப் பக்கம் சிக்கல் உண்டு. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில், 1912 முதல் 1960 வரையிலான ராணுவப் பணிக்கோப்புகளில் சுமார் 80% அழிந்தன. அப்போது அமெரிக்க விமானப்படை ராணுவத்தின் ஒரு பகுதி. ஆனால், 'காணாமல் போன விமானக்குழு அறிக்கைகள்' தனியாகத் தப்பியிருக்கின்றன.

பதிவேட்டில் இருப்பதெல்லாம் வேதவாக்கும் இல்லை. 1940 மே 29 அன்று, டன்கிர்க் மேலே ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக 264-வது ஸ்குவாட்ரன் கணக்குக் காட்டியது. ஜெர்மன் ஆவணங்களோடு ஒப்பிட்டால் உண்மை எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1972-ன் தொல்பொருள் சட்டப்படி, ஒரு பொருள் 'தொல்பொருள்' ஆக 100 ஆண்டு ஆக வேண்டும். 1943-ல் தைத்த ஜாக்கெட் 2043-ல்தான் அந்த வயதை எட்டும். ஆனால், வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கு 75 ஆண்டே போதும். ஜாக்கெட்டோடு விமானியின் லாக் புக்கும் கிடைத்தால், அது ஏற்கெனவே அந்த வயதைத் தாண்டியிருக்கும். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டுக்காரருக்கு விற்பதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

விபத்து இடத்தில் கிடைத்தது என்றால்?

வாங்காதீர்கள். அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன 'ஹம்ப்' பாதையில் மட்டும் சுமார் 600 விமானங்கள் விழுந்தன. இந்தியாவில் காணாமல் போன அமெரிக்க விமானப்படையினர் சுமார் 400 பேரை அந்த நாடு இன்னும் தேடுகிறது. அருணாச்சலக் காட்டில் கிடக்கும் ஒரு தோல் துண்டோ பெயர்ப்பட்டையோ, யாரோ ஒருவரின் குடும்பம் 80 ஆண்டாகக் காத்திருக்கும் பதிலாக இருக்கலாம். இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அந்தத் தடயமும் போய்விடும்.