மூன்றாவது வசனம்

மதுரையில் வல்லபதேவ பாண்டியனின் அவையில், பரம்பொருள் எது என்பதை வேதத்தைக் கொண்டு நிறுவிப் பொற்கிழியை வென்றார் விஷ்ணுசித்தர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பூத்தொடுத்து வந்தவர் அவர். அரசன் அவரை யானைமீது ஏற்றி நகர்வலம் செய்வித்தபோது, திருமால் கருடன்மேல் வானில் காட்சி தந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறும். கண்டவர் வரம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை பேர் கண்பட்டால் இவனுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு, கடவுளுக்கே காப்பிட்டு வாழ்த்தினார். அவர் பெரியாழ்வார் ஆனதும் திருப்பல்லாண்டு பிறந்ததும் இவ்வாறே.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கதை என்பதால் வகுப்பில் இதைச் சற்று விரித்தே சொல்வதுண்டு. மாணவர் ஒருவரேனும் கேட்பார்: உலகைக் காப்பவன் அவனே என்று அவையில் நிறுவியவர், வெளியே வந்ததும் அவனைக் காக்கப் புறப்படுவது முரண் அல்லவா?

இவ்வகைக் கேள்வி ஓர் உயிரைக் குடித்ததாக யூத மரபு கூறுகிறது. பாபிலோனியத் தல்மூதில், யெவாமோத் என்னும் பகுதியில் வருவது அது. மனாசே அரசன் ஏசாயா தீர்க்கதரிசியை விசாரணைக்கு நிறுத்துகிறான். கடவுளைக் கண்ட மனிதன் உயிரோடிருக்க முடியாது என்பது மோசேயின் வாக்கு (யாத்திராகமம் 33:20). ஆண்டவரைக் கண்டேன் என்பது ஏசாயாவின் வாக்கு (6:1). எனவே நீ பொய்யன் என்பதே குற்றச்சாட்டு. ஏசாயாவிடம் விடை இருந்தது; அரசன் அதை ஏற்கமாட்டான் என்பதும் தெரிந்திருந்தது. விடையைச் சொன்னபின் கொன்றால் அவன் அறிந்தே பாவம் செய்தவனாவான் என்று வாய்திறவாமல் இருந்துவிடுகிறார். தேவதாரு மரம் ஒன்று அவரைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது; மரத்தை அறுக்கிறார்கள்; வாள் அவர் வாயருகே வந்தபோது உயிர் பிரிகிறது.

தல்மூதின் ஆசிரியர்கள் இதற்குக் கண்ணீர் விட்டு நிற்பதில்லை. அதிருக்கட்டும், வசனங்கள் முரண்படுகின்றனவே என்று அடுத்த வரியிலேயே கேட்கிறார்கள்! விடை இதுதான்: ஏனைய தீர்க்கதரிசிகள் எல்லோரும் தெளிவற்ற கண்ணாடி வழியே நோக்கினர், மோசே தெளிந்த கண்ணாடி வழியே நோக்கினார். மூலத்திலுள்ள அஸ்பக்லாரியா என்னும் சொல்லை முகம்பார்க்கும் ஆடி என்பாரும் உண்டு, பலகணி ஆடி என்பாரும் உண்டு. தமிழ்க் ‘கண்ணாடி’ இரண்டுக்கும் பொருந்தி வருவது நமக்கு வசதி. பிரான்சு நாட்டு உரையாசிரியர் ராஷி (1040–1105) இன்னும் ஓரடி செல்கிறார். மங்கலான கண்ணாடியில் பார்த்தவர்கள் கண்டுவிட்டதாக எண்ணினர்; தெளிந்த கண்ணாடியில் பார்த்தவரோ காண இயலாது என்பதைக் கண்டார். இருவரும் பொய் சொல்லவில்லை. முரண் வசனத்தில் இல்லை, பார்த்தவரின் நிலையில் இருக்கிறது.

திருப்பல்லாண்டின் முரணுக்கு வைணவ ஆசாரியர்கள் கண்ட விடையும் இத்தகையதே. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இரு நிலைகளைப் பிரிக்கிறார். அறிவு நிலையில் காப்பவன் காப்பவனாகவும், காக்கப்படுபவன் காக்கப்படுபவனாகவும் அவரவர் இடத்தில் நிற்பர். அன்பு முற்றிய நிலையில் இடம் மாறிவிடும். அவையில் பேசியது அறிவு; யானைமேல் பாடியது அன்பு. சிவகாசிப் பக்கத்து மாணவர்களுக்கு இதை விளக்க நூல் வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்குப் புறப்படும் மகனின் கூலியில்தான் வீடு நடக்கிறது. அவனைப் பார்த்துப் ‘பத்திரமாய்ப் போய் வா’ என்று தினமும் வாசலில் நின்று சொல்பவள், அவன் காப்பில் வாழும் தாய்.

ஆனால் இவ்வகை விடையில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. கண்ணாடி ஏசாயாவின் வசனத்திலும் இல்லை, மோசேயின் வசனத்திலும் இல்லை; உரைகாரர் கொண்டுவந்தது. இதைவிட நேர்மையானது என நான் கருதும் வழி, 2ஆம் நூற்றாண்டின் ரபி இஸ்மவேல் பெயரால் வழங்கும் பதின்மூன்று விதிகளில் இறுதியானது: இரு வசனங்கள் முரண்பட்டால், மூன்றாவது வசனம் வந்து தீர்க்கும்வரை பொறுத்திரு. மோசேயிடம் கடவுள் ஆசரிப்புக் கூடாரத்திலிருந்து பேசினார் என்கிறது லேவியராகமம் (1:1). பெட்டியின் மேலுள்ள கிருபாசனத்திலிருந்து பேசுவேன் என்கிறது யாத்திராகமம் (25:22). எண்ணாகமம் 7:89 இரண்டையும் இணைக்கிறது. மோசே கூடாரத்துள் நுழைவார்; குரலோ கிருபாசனத்தின் மேலிருந்து அவரிடம் வரும்.

ராஷியின் காலத்திலேயே இங்கே இராமானுசரும் இருந்தார். ஒருவரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. உபநிடதங்களில் உயிரும் பிரமமும் வேறு என்னும் வாக்கியங்கள் உண்டு. எல்லாம் பிரமமே என்பனவும் உண்டு. ஒருசாராரை மெய்யென்றும் மற்றதைத் தாழ்ந்த உண்மை என்றும் தள்ள அவர் உடன்படவில்லை. பிருகதாரணியகத்தின் அந்தரியாமிப் பகுதியை எடுத்தார். உயிர் உடல், இறைவன் அதனுள் உறையும் ஆன்மா என்பது அங்கே வருகிறது. உடலும் உயிரும் வேறு. ஆயினும் சேர்த்து ஒருவர் என்கிறோம். இவ்வாறு இணைக்கும் வாக்கியங்களுக்கு வைணவ மரபு இட்ட பெயர் கடக சுருதி. இஸ்மவேலின் மூன்றாவது வசனமேதான் அது.

நம் தமிழாய்வில் இந்தப் பொறுமை குறைந்துவிட்டது. ஊழைவிட வலியது எது என்று கேட்கும் வள்ளுவர், ஆள்வினையுடைமையில் ஊழையும் புறங்காண்பர் என்கிறாரே என்றால், ஒன்று இடைச்செருகலாக இருக்கும் என்று முதலாண்டு மாணவரே தீர்ப்பெழுதுகிறார். இடைச்செருகல் உண்டுதான்; சுவடிகளை ஒப்பிட்டுக் காட்டினால் ஏற்கலாம். நமக்குப் புரியவில்லை என்பதே சான்றாகிவிடாது.

பழையவர்களின் பொறுமை மூலநூலோடு நிற்கவில்லை. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அழிந்த பகுதிக்கு மணவாள மாமுனிகள் (1370–1443) புதிதாக உரை எழுதினார். நூல் முழுவதற்கும் எழுத வல்லவர்தான். ஆயினும் முன்னவர் ஏட்டில் எஞ்சிய எழுத்து எந்த இடத்தில் தொடங்கியதோ, அந்த இடத்திற்கு வந்ததும் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார் என்பர்.