பழைய ஸ்டோரும் பழைய லயமும்

தேயிலைத் தொழிற்சாலையை நம் தோட்டத்து மக்கள் "ஸ்டோர்" என்றே அழைப்பர். கோப்பிக் காலத்துக் களஞ்சியத்தின் பெயர் கோப்பி அழிந்த பின்னும் அழியாது தேயிலைக்கு ஒட்டிக்கொண்டது என்பர் பெரியோர். அந்த ஸ்டோர்களிற் சில, கொழுந்து வருவது நின்ற பின்னும் இடிபடாமல் வேறு வாழ்வு பெற்ற வரலாறு நம் வாலிபர்கள் அறியத்தக்கது.

கொழுந்து வாட வேண்டுமானால் காற்று வேண்டும். ஆதலால் ஸ்டோரின் மேல்மாடிகள் நீண்டு, வரிசை வரிசையாய் ஜன்னல்களுடன் அமைந்தன. தட்டுகளில் பரப்பிய கொழுந்து பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் அங்கே வாடும். பின்பு கீழே இறங்கி உருளும், பதமாகும், அடுப்பிற் காயும். வெளிச்சமும் காற்றோட்டமும் நிறைந்த இந்த மாடிகள் மனிதர் தங்குவதற்கும் ஏற்றவை என்பது பிற்காலத்தில்தான் ஒருவருக்குத் தோன்றியது.

கந்தப்பளையில் 6,000 அடிக்கு மேல் நிற்கும் ஹெதர்செட் ஸ்டோர் 1930களிற் கட்டப்பட்டது. வேலை நின்று நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்த அதனை எயிற்கின் ஸ்பென்ஸ் கொம்பனியார் ஹோட்டலாக்கி 1996இல் திறந்தனர். வாட்டும் மாடிகள் படுக்கையறைகளாயின. வெளித்தோற்றத்தை மாற்றவில்லை, பழைய எஞ்சினையும் அப்புறப்படுத்தவில்லை. இரும்புச் சட்டம் இருந்தபடியே நின்றதனால், அவ்வளவு இரும்பையும் சீமெந்தையும் மலையேற்றும் வேலை மிச்சமாயிற்று. முற்றத்திலே ஒரு சிறு றெயில் பெட்டி உணவறையாக நிற்கிறது. நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடி, 1948இல் நின்றுபோன சின்ன றெயிலை முதியோருக்கு அது நினைவூட்டும்.

கண்டி ஹந்தானையில் 1925இல் எழுந்த ஸ்டோரின் கதை வேறு. கைவிடப்பட்டுக் கிடந்த அக்கட்டிடத்தைத் தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் சேர்ந்து திருத்தி, 2001இல் தேயிலை நூதனசாலையாக்கின. கீழ்த்தளங்களில் இயந்திரங்கள், அதற்கு மேல் நூலகம், உச்சியிலே தேநீர்ச்சாலை. ஒரே கூரையின் கீழ் இத்தனை பயன் கண்டது மெச்சத்தக்கதே. 1867இல் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிராக்கிய ஜேம்ஸ் டெயிலரின் பொருட்களும் அங்குண்டு. ஆனால் அந்தத் தேயிலைக்காகக் காடு வெட்டியவர் யார், கூடை சுமந்தவர் யார் என்று தேடுவோர் வேறிடம் போதல் வேண்டும்.

அவ்விடம் கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீகொக் தோட்டம். கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் அங்கே ஒரு பழைய லயத்தைச் செப்பனிட்டு, 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமுமாக்கினர். மாடியுமில்லை, பெரிய எஞ்சினுமில்லை. இம்மூன்றிலும் இதுவே பெரிய காரியம் என்பது என் எண்ணம். ஸ்டோரைக் காக்கப் பணம் உள்ளவர் முன்வருவர். லயத்தைக் காக்க வேண்டுமென்று நினைப்பதற்கே ஒரு துணிவு வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் சமைத்ததும் உறங்கியதும் பிள்ளை பெற்றதும் எவ்விதமென்று புத்தகம் சொல்வதிலும் அந்தச் சுவர்கள் நன்றாய்ச் சொல்லும்.

லயங்களெல்லாம் இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. அங்கே பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர் பலர் மாலையிற் போய்ச் சேர்வது அதே போன்ற காம்பராவுக்குத்தான்.