கேரிகேரி மர இல்லம்

நியூசீலாந்தின் வடபாகத்திலே, கேரிகேரி ஆறு கடற்கழியோடு கலக்குமிடத்தில், வெண்ணிற மாடிவீடொன்று நிற்கின்றது. 1821இல் தொடங்கி 1822இல் முடிவுற்ற இம்மர இல்லம் அந்நாட்டில் எஞ்சியுள்ள ஐரோப்பியக் கட்டடங்களுள் மிகப் பழையது. அதனை ஐரோப்பியருடையது எனக் கூறுதல் எத்துணைப் பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வடிவம் ஆங்கிலேயருடையதே என்பதில் ஐயமில்லை. வாயிலின் இருமருங்கும் சன்னல்கள் ஒத்தமைந்துள்ளன. கூரை நாற்புறமுஞ் சரிந்தது. சுவர்ப்பலகைகள், மழைநீர் உட்புகாது வழிந்தோடுமாறு, மேற்பலகையின் விளிம்பு கீழ்ப்பலகையை மூடக் கிடையாக அறையப்பட்டவை. ஜோர்ஜ் மன்னர் காலத்து இங்கிலாந்திற் செங்கல்லாலும் கல்லாலும் எழுந்த அமைப்பு இங்கே மரத்தில் உருப்பெற்றது. அம்மரமோ கௌரி, டோட்டாரா என்னும் அந்நாட்டுக் காட்டுமரம். அதனைக் கிடங்கின்மேல் ஏற்றி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று வாளால் அரிந்தோருள் மாவோரி மக்களும் இருந்தனர்.

நிலத்தின் வரலாறு இன்னும் நுணுகி நோக்கற்பாலது. 1819இல் திருச்சபை மிஷன் சங்கத்தின் பொருட்டுச் சாமுவேல் மார்ஸ்டன் பாதிரியார் 13,000 ஏக்கர் நிலத்தை 48 கோடரிகளுக்குப் பெற்றார். (1818இல் இலங்கையை அடைந்த ஊழியரை அனுப்பியதும் இச்சங்கமே.) கொடுத்தவன் ஹோங்கி ஹிக்கா என்னும் மாவோரித் தலைவன். பத்திரம் இதனை விற்பனை என்றாலும், வந்தோரைத் தன் கோட்டையின் அருகில் குடியிருத்தி, அவர்தம் கருவிகளையும் வாணிகத்தையும் தன்வயப்படுத்தலே அவன் கருத்தாயிருந்தது எனல் தகும். 1820இல் இங்கிலாந்து சென்று மன்னரைக் கண்ட அவன், மறு ஆண்டு சிட்னி வழியாகத் துப்பாக்கிகளோடு மீண்டான். வீடு எழுந்ததும் அவ்வாண்டே. கிறித்தவத்தைத் தழுவாத அத்தலைவனின் காவலிலேயே பாதிரிமார் வாழ்ந்தனர்.

முதலிற் குடிபுகுந்த ஜோன் பட்லர் பாதிரியார் 1823இல் நீங்கினார். 1832இல் மிஷனின் கொல்லரான ஜேம்ஸ் கெம்ப் குடும்பத்தோடு வந்தமர்ந்தார். அவர் வழியினர் 1974இல் வரலாற்றிடக் காப்பு நிறுவனத்துக்கு நன்கொடையாக வழங்குங்காறும் அங்கு வாழ்ந்தனர். வாழ்வோர் உள்ள வீடே மரத்துக்குக் காவல் போலும்.

எனினும், பொதுச்சொத்தாகி ஏழாண்டில் நேர்ந்த இடர் வேறு. 1981இல் ஆறு பெருகி வீட்டைச் சூழ்ந்து பெருஞ்சேதம் விளைத்தது. வீட்டின் அண்மையிலிருந்த பாலம் வெள்ளத்தைத் தடுத்தமை கண்டு, போக்குவரத்துக்கு வேறு வழி சமைத்து, 2008இல் அப்பாலத்தையே அகற்றினர்.