மலைநாட்டில் இரட்டைக் காபரேற்றர்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாற்றை எழுதியோர் கோப்பியையும் தேயிலையையும், கங்காணி முறையையும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையும் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர். அம்மலைப் பாதைகளில் ஏறிய மோட்டார் வாகனங்களின் வரலாறோ அத்துணை கவனம் பெறவில்லை. பழைய கார் எஞ்சின் ஒன்றில் இரண்டாவது காபரேற்றரைப் பொருத்துதல், வேகத்தில் நாட்டங்கொண்ட சிலரது பொழுதுபோக்கு எனத் தோன்றலாம். எனினும் நுணுகி நோக்கின், மலைநாட்டின் இயற்கை, செல்வம், உழைப்பு ஆகிய மூன்றும் அச்செயலிற் சந்திப்பதைக் காணலாம்.

முதலில் இயற்கையை நோக்குவோம். வளியையும் பெற்றோலையும் உரிய விகிதத்திற் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே காபரேற்றரின் பணி. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில் உள்ளது. அங்குள்ள வளியமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கேயாகும். ஆதலின் எஞ்சின் உள்ளிழுக்கும் வளியின் திணிவு குறைய, அதன் வலுவும் ஏறக்குறைய அதே விகிதத்திற் குன்றுகின்றது. பெற்றோலோ அவ்வளவுக்குக் குறைவதில்லை. கொழும்பிற் சரியாயிருந்த கலவை, மலையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு செறிவு கூடியதாகிவிடும். எஞ்சின் புகை கக்கும். பிளக்குகளிற் கரி படியும்.

இரண்டாவது காபரேற்றர் இக்குறையைத் தீர்க்குமா எனின், தீர்க்காது என்பதே விடை. மெலிந்த வளியை அது அடர்த்தியாக்குவதில்லை. அது செய்வதெல்லாம் வளி செல்லும் வழியை அகலமாக்கி, எஞ்சின் மிக விரைந்து சுழலும்போது உண்டாகும் மூச்சுத் திணறலைப் போக்குவதேயாகும். 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000 காரின் 948 கன சென்றிமீற்றர் எஞ்சின் ஒற்றைக் காபரேற்றருடன் 37 குதிரை வலுவைத் தந்தது. அதே கொள்ளளவுள்ள எஞ்சின், 1958இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் காரில் இரண்டு எஸ்.யு. காபரேற்றர்களுடனும் வால்வு முதலியவற்றின் சில திருத்தங்களுடனும் 43 குதிரை வலுவைத் தந்தது. தோட்டப் பாதையில் மெதுவாக ஏறிச்செல்லும் காருக்கு இவ்வேறுபாடு பெரிதன்று.

அது பெரிதாகும் இடம் ஒன்றுண்டு. 1934ஆம் ஆண்டில் நுவரெலியாவின் மகாகஸ்தொட்டவில் மலையேற்றக் கார்ப் போட்டி தொடங்கிற்று. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, தேயிலைச் சரிவினூடே வளைந்தேறும் பாதையை மிகக் குறைந்த நேரத்திற் கடப்பதே போட்டி. கீழ்க் கியரில் உச்ச வேகத்திற் சுழலும் எஞ்சினுக்கு அங்கு ஒவ்வொரு குதிரை வலுவும் ஒரு கணப்பொழுதை மிச்சப்படுத்தும். ஆயின் அது வசதி படைத்தோரின் விளையாட்டு. தோட்டப் பாதைகளை வெட்டிச் செப்பனிட்ட தொழிலாளர் லயங்களில் வாழ்ந்தனர். கார் அவர்களது கனவுக்கும் எட்டாத பொருளாயிருந்தது.

1960களில் நிலைமை மாறிற்று. அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது; 1977இற்குப் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. புதிய கார் வாங்கவியலாத அக்காலத்திற் பழைய எஞ்சினைப் பேணுவதும் திருத்துவதும் நாடெங்கும் இன்றியமையாத கலைகளாயின. காரின் மதிப்பு, அதனை வாங்கியவரின் பணத்தைவிட, அதனைத் திருத்துபவரின் கைத்திறனிலே பெரிதும் தங்கியது.

இரட்டைக் காபரேற்றர் அத்திறனை முழுமையாக வேண்டி நிற்பது. இரண்டின் அடைப்பிதழ்களும் ஒருங்கே திறக்க வேண்டும். இரண்டினூடும் சம அளவான வளி செல்ல வேண்டும். ஒன்று முந்த மற்றொன்று பிந்தினால், இரண்டு பூட்டியது ஒன்றினும் கேடாய் முடியும். இதனைச் சமன்செய்ய மெக்கானிக்குக்கு ஒரு றப்பர்க் குழாயே போதும். அதன் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் காபரேற்றரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒத்தொலிக்கும் வரை திருகாணியைத் திருப்புவார். பின் எஸ்.யு. காபரேற்றரின் முசலத்தைச் சற்றே உயர்த்திப் பார்ப்பார். எஞ்சினின் வேகம் கூடி அவ்வாறே நிலைத்தால் பெற்றோல் அதிகம். தளர்ந்து நின்றால் குறைவு. கணநேரம் கூடிப் பழைய நிலைக்கு மீண்டால் கலவை சரி. கொழும்பிற் சரிசெய்ததை மலையில் மீண்டும் சரிசெய்தல் வேண்டும். மெல்லிய வளிக்கேற்ப ஊசியையும் மாற்ற நேரிடலாம். மலை பறித்த வலுவை மீட்க முடியாவிடினும், எஞ்சியதை வீணாக்காது காத்தது இந்தச் செவிநுட்பமே.

போட்டி முடிவுகளில் ஓட்டியவரின் பெயரும் எடுத்த நேரமும் இடம்பெறும். குழாயைக் காதில் வைத்து நின்றவரின் பெயரை அங்கு தேடுவது வீண். எரிபொருளை உட்செலுத்தும் முறை பரவியபின் புதிய கார்களிலிருந்து காபரேற்றர் மறைந்துவிட்டது. அதனோடு அதனை அறிந்தோரும் அருகி வருகின்றனர். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள பழைய பட்டறைகளுக்குச் சென்று, முதியோரின் அனுபவங்களையும் அவர்கள் தொழிலில் வழங்கும் தமிழ்ச் சொற்களையும் பதிவு செய்தல் நமது மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். மலையகத்தின் வரலாற்றில் உழைப்பு எனும்போது கொழுந்து கொய்த கைகளை நினைக்கின்றோம். எஞ்சினின் மூச்சைக் கேட்ட செவிகளும் அவ்வரலாற்றுக்கு உரியனவே.