புல்லும் பாகாவும்: புனே வட்டாரத்தில் மட்டக்குதிரைகளை ஒன்றுதிரட்டிய வரலாறு

இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் பொதுநிலத்தில் மேயவிட்ட மட்டக்குதிரைகளை ஆண்டுதோறும் வளைத்து ஓட்டிவந்து பட்டியில் அடைத்து, உரிமையாளர் யாரென்று பார்த்துப் பிரிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அங்குள்ள மேய்ச்சல் காவலர்கள் அப்போது குதிரையின் வால்மயிரை ஒரு குறித்த வடிவில் கத்தரித்துவிடுவார்கள். மேய்ச்சல் கட்டணம் கட்டியாயிற்று என்பதற்கு அதுவே அத்தாட்சி. தக்காணத்தில் இதற்கு நேரிணையான வழக்கத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் குதிரைகளைப் பருவம் பார்த்து மேயவிடுவதும், திரட்டுவதும், கணக்கெடுப்பதும் புனே வட்டாரத்திலும் நடந்திருக்கின்றன. வேறுபாடு திரட்டியவர் யார் என்பதில் இருக்கிறது. இங்கே அது ஒருபோதும் கிராமத்துப் பொதுமக்களின் விழாவாக இருந்ததில்லை. புல் எவர் வசம் இருந்ததோ அவரே குதிரையைத் திரட்டினார். அந்தப் புல் கைமாறிய வரிசையில்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பீமா, நீரா ஆறுகளின் கரைப் பகுதி பீம்தடி எனப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் அதே பெயரில் ஒரு தாலுகாவும் இருந்தது. இன்றைய தவுண்ட், பாராமதி வட்டாரம் அது. சஹ்யாத்ரி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்த மேட்டுநிலத்தில் காடு அடர்ந்து வளராது. மழை பெய்தால் புல் முளைக்கும், நான்கு மாதத்தில் காய்ந்து வைக்கோல் நிறமாகும். இந்தப் புல்லில் வளர்ந்ததுதான் பீம்தடிக் குதிரை. உருவத்தில் சிறியது, கரட்டு நிலத்துக்குப் பழகிய குளம்பு, அரைவயிற்றுத் தீனியிலும் நாள் முழுக்க நடக்கும் திராணி. மராட்டியர் ஆண்குதிரையைவிடப் பெண்குதிரையை விரும்பி ஏறினார்கள் என்பதை அக்காலத்து வெளிநாட்டார் பலர் வியப்போடு குறித்திருக்கிறார்கள்.

சிவாஜியின் குதிரைப்படை ஒழுங்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான சித்திரம் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் எழுதிய பகர் என்னும் வரலாற்று நூலில் உள்ளது. அது எழுதப்பட்ட இடம் புனே அல்ல, நம் செஞ்சிக் கோட்டை. 1690களில் சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கே முற்றுகைக்குள் இருந்தபோது அவர் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. அதன்படி படை எட்டு மாதம் வெளியே சுற்றும். வைசாகத்தில் திரும்பி மழைக்காலம் முழுதும் தளத்தில் தங்கும். குதிரைக்குக் கூரை, தானியம், காய்ந்த புல், மருந்து எல்லாம் அதற்கு முன்பே சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். விஜயதசமியன்று மீண்டும் கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் இருப்பதைப் பட்டியல் போடுவார்கள். திரும்பி வரும்போது அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார்கள். 25 வீரர்களுக்கு ஒரு ஹவல்தார், கூடவே ஒரு தண்ணீர்க்காரரும் லாடம் அடிப்பவரும். ஆங்கிலேயரின் இலையுதிர்காலத் திரட்டலுக்குத் தக்காணத்தில் ஒரு பிரதி சொல்லவேண்டுமானால் இந்தத் தசராக் கணக்கெடுப்பைத்தான் சொல்லலாம். காலம்கூட ஏறத்தாழ ஒன்றுதான். நோக்கம் மட்டும் போர்.

இந்த ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி புல்தான் என்பதைச் சிவாஜி நன்றாக அறிந்திருந்தார். 1670களின் முற்பகுதியில் சிப்ளூண் அருகே தங்கியிருந்த படையின் அலுவலர்களுக்கு அவர் அனுப்பிய கடிதம் மராட்டிய வரலாற்றில் புகழ்பெற்றது. கையிருப்பை இப்போதே தீர்த்துவிட்டால் மழை நடுவில் குதிரைகள் பட்டினியால் சாகும். பிறகு குடியானவர் வீட்டில் புகுந்து பறிப்பீர்கள். அவர்கள் ஊரைவிட்டு ஓடுவார்கள் என்று எச்சரிக்கிறார். எரியும் விளக்குத் திரியை எலி இழுத்துக்கொண்டு போய் வைக்கோல் போரில் போட்டுவிடும், ஆகவே விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள் என்பது வரை எழுதுகிறார். ஒரு அரசன் எலியைப் பற்றி எழுதினான் என்றால் புல்லின் விலை எவ்வளவு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மராட்டிய அரசின் முதலமைச்சர்களான பேஷ்வாக்களின் காலத்தில் புனே தலைநகரானபோது இந்தப் புல் நிர்வாகம் பெரிதாக வளர்ந்தது. அரசின் தனிப் புல்வெளிகளுக்குக் குரண் என்று பெயர். கிராமத்தின் மேய்ச்சல் புறம்போக்கான காய்ரான் வேறு, குரண் வேறு. குரணில் அரசு சொல்லாமல் எவரும் கால்நடையை விடமுடியாது. ஆனால் அங்கே புல் அறுப்பதும் சுமப்பதும் சுற்றுவட்டக் குடிகளின் தலையில் விழுந்த கூலியில்லா வேலை. புல்வெளியைப் பேணியவர்களுக்கு அதில் உரிமை இல்லை. நியூ ஃபாரஸ்ட் மேய்ச்சல் உரிமையாளருக்கும் தக்காணத்துக் குடியானவருக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுவே.

குதிரைக்காரர்களிலும் இரு வகை. அரசின் குதிரையில் ஏறியவர் பார்கீர். சொந்தக் குதிரையோடு வந்தவர் சிலேதார். சிலேதாரின் குதிரை செத்தால் அவர் பிழைப்பும் அதோடு போயிற்று. அதனால் சண்டையில் குதிரையை முன்னே விடத் தயங்குவார் என்று சொல்வதுண்டு. குற்றமாகவே சொல்லப்பட்ட இதை நான் அப்படிப் பார்க்கவில்லை. தன் ஒரே முதலை எவரும் அப்படித்தான் காப்பாற்றுவார். அரசுக் குதிரைகளைச் சேர்த்துக் கட்டும் லாயமும் அதன் படைப்பிரிவும் பாகா எனப்பட்டன. முன்கயிறும் பின்னங்கால் கயிறும் போட்டு வரிசையாகக் கட்டிவைப்பது வழக்கம். அகாடி, பிச்சாடி என்பவை அந்தக் கயிறுகள். பேஷ்வாவின் சொந்தப் பாகா இருந்த இடத்தில் 1884இல் தொடங்கிய பெண்கள் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. லக்ஷ்மி சாலையில் இன்றும் இயங்கும் அதனைப் புனேக்காரர்கள் ஹுஸூர்பாகா என்றே அழைக்கிறார்கள். ஷிரூர் தாலுகாவில் ஆலேகாவ் பாகா என்று ஓர் ஊரே உண்டு.

1817 ஜூனில் கையெழுத்தான புனே உடன்படிக்கை பேஷ்வாவின் செலவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு குதிரைப்படையை உருவாக்கிக் கொடுத்தது. இன்றைய பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் தோற்றம் அதுவே. 1818இல் பேஷ்வா ஆட்சி முடிந்ததும் ஆயிரக்கணக்கான சிலேதார்களுக்கு வேலை போயிற்று. சொந்தக் குதிரையோடு சேரும் முறை பிரிட்டிஷ் இந்தியக் குதிரைப்படையில் முதல் உலகப்போர் வரை தொடர்ந்தது உண்மை. ஆனால் ஆங்கிலேயருக்கு வேண்டியிருந்தது உயரமான குதிரை. அரபுப் பொலிகுதிரைகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த வேலர் குதிரைகளும் மதிப்பைப் பிடித்துக்கொண்டன. பீம்தடி மட்டக்குதிரை சுமைதூக்கும் பிராணியானது.

அடுத்து வந்தது சட்டத்தின் திரட்டல். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் பயிரிலோ சாலையிலோ அலையும் பிராணியைப் பிடித்து அடைக்க அதிகாரம் தந்தது. அப்படி அடைக்கும் பட்டிக்கு மராட்டியில் கோண்ட்வாடா, நம் ஊர்களில் பவுண்டு என்று பெயர். அபராத அட்டவணை படிக்க வேடிக்கையானது: யானைக்கு 2 ரூபாய், ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா, குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் பசுவுக்கும் 4 அணா, கழுதைக்கு 2 அணா, ஆட்டுக்கு 1 அணா. ஏழு நாளில் எவரும் கேட்டு வராவிட்டால் பிடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள ஊரிலும் சந்தையிலும் தண்டோரா போட வேண்டும். மேலும் ஏழு நாள் கழிந்தால் ஏலம். மேய்ச்சல் கட்டணம் வாங்கிக்கொண்டு உரிமையை உறுதிசெய்வது ஆங்கிலப் பொதுநில முறை. அபராதம் வாங்கிக்கொண்டு உரிமை இல்லை என்று சொல்வது ஆங்கிலேயர் இங்கே எழுதிய சட்டம். இரண்டும் ஒரே நாட்டாரின் கைவேலை என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1876-78 பஞ்சம் தக்காணத்தின் கால்நடைச் செல்வத்தை வாரிக்கொண்டு போன வேளையில் 1878இன் காட்டுச் சட்டமும் வந்தது. குன்றும் புல்வெளியும் வனத்துறைக்குள் அடைபட்டன. புனேயைச் சேர்ந்த ஜோதிராவ் புலே 1880களின் தொடக்கத்தில் எழுதிய ‘சேத்கர்யாசா ஆசூட்’ நூலில் இதற்காக வனத்துறையைக் கடுமையாகச் சாடுகிறார். மேய்ச்சல் நிலத்தையும் சேர்த்து வளைத்துவிட்டதால் ஏழை உழவனின் ஆடு மூச்சுவிடக்கூட இடமில்லை என்பது அவர் வாதம். 1885இல் நீரா இடதுகரைக் கால்வாய் திறந்ததும் மிச்சமிருந்த சமநிலம் படிப்படியாகக் கரும்புக்குப் போயிற்று. வறட்சிக்கு அது மருந்து, குதிரைக்கு அல்ல.

இப்படியிருக்க, பீம்தடிக் குதிரை ஏறத்தாழ அற்றுப்போயிற்று என்றே பிற்காலத்தில் எழுதிவந்தார்கள். உண்மையில் அது தங்கர் இடையர்களின் ஆட்டு மந்தைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. புனே, சாத்தாரா, சோலாப்பூர் மேட்டுநிலத் தங்கர்கள் மழை முடிந்ததும் கொங்கணம் பக்கம் இறங்கி, அடுத்த மழைக்கு முன் ஏறி வருகிறார்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்த நடமாடும் குடியிருப்பை அவர்கள் வாடா என்பார்கள். கூடாரத் துணி, பாத்திரம், தானிய மூட்டை, நடக்கமுடியாத ஆட்டுக்குட்டி, கூடையில் கோழி, சில சமயம் மேலே ஒரு குழந்தை என எல்லாம் குதிரையின் முதுகில். இரவில் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டு அவிழ்த்துவிடுகிறார்கள். தத்தித் தத்தி மேயும், தொலைவு போகாது. விடியுமுன் பெண்கள் போய் ஓட்டிவருகிறார்கள். அரசு அழிந்து, சட்டம் வந்து, புல்வெளி சுருங்கிய பிறகும் மிஞ்சிய ஒன்றுதிரட்டல் இந்தத் தினசரி வேலைதான். தசராவுக்குப் பின் கிளம்பி மழைக்கு முன் திரும்பும் சிவாஜி படையின் நாட்காட்டியும் இவர்களுடைய நாட்காட்டியும் ஒத்துப்போவதைக் கவனிக்க வேண்டும். படை இடையரிடம் கற்றதா என்று கேட்பதைவிட, இருவரும் ஒரே புல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதே பொருத்தம்.

பாராமதியை மையமாகக் கொண்ட வளர்ப்போரின் முயற்சியும் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் ஆய்வும் சேர்ந்து, 2024இல் பீம்தடி தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இதைப் பதிவுசெய்தது. மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி முதலியவற்றின் வரிசையில் இது எட்டாவது. அதற்காக வாடா வாடாவாகப் போய்க் குதிரைகளை நிறுத்தி உயரம் அளந்து, நிறம் குறித்து, ரத்தம் எடுத்தார்கள். இது போருக்கும் அல்லாமல் அபராதத்துக்கும் அல்லாமல் நடந்த கணக்கெடுப்பு.

பதிவேட்டில் பெயர் ஏறியது, புல் ஏறவில்லை. பாராமதி தாலுகா சுபே அருகே மயூரேஷ்வர் சரணாலயம் 1997இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 5.14 சதுர கிலோமீட்டர்; சின்காரா மான்களுக்கானது. இந்தாபூரின் கட்பன்வாடியிலும் பாராமதியின் ஷிர்சுபளிலும் வனத்துறை புல்வெளிச் சவாரிகளைத் தொடங்கியிருக்கிறது. ஓநாயையும் மானையும் பார்க்கக் கட்டணம் கட்டி ஜீப்பில் போகலாம். அதே நிலத்தில் தங்கரின் குதிரை எந்தக் கட்டணத்தில், எந்த மாதத்தில், எத்தனை எண்ணிக்கையில் மேயலாம் என்று எழுதிவைத்தால் நியூ ஃபாரஸ்டின் வால்மயிர் அடையாளம் போன்ற ஒன்றை இங்கும் நடைமுறைப்படுத்த முடியும். குரண்களின் எல்லையும் கணக்கும் புனே ஆவணக் காப்பகத்தின் பேஷ்வா தஃப்தர் என்னும் ஆவணத் தொகுப்பில், மோடி என்னும் பழைய மராட்டி எழுத்தில் எழுதிய கட்டுகளில் இருக்கின்றன. அவற்றைத் தங்கர்களின் இன்றைய தடங்களோடு ஒரே வரைபடத்தில் வைப்பது அதற்கான முதல் வேலை.